ரோடு மோசமாக இருக்கும்வரை

சாலை வரக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிற மனிதர்கள் சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் இருக்கிறார்கள். "மேல வரைக்கும் தார் போட்டுட்டாங்கன்னு வைங்க சார், அடுத்த மாசமே அவனவன் சொந்தக் கார்ல ஏறி வந்துருவான். அப்புறம் எங்க வண்டிய யாரு கூப்பிடப் போறா?" என்று கேட்டார் ஐம்பதைத் தாண்டிய டிரைவர் ஒருவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

மேலே என்று அவர் சொன்னது கொழுக்குமலையை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்த தேயிலைத் தோட்டம். கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். நிலம் தமிழ்நாட்டுடையது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். தூரம் 12 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஸ்டாண்டில் வரிசையாக நிற்பவை மேஜர், கமாண்டர், எம்.எம். 540 என்று மஹிந்திராவின் பழைய பெயர்கள். அங்கங்கே புதிய வண்டிகளும் உண்டு. பழையவற்றில் பல, டிரைவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருப்பவை. பெயர் எதுவானாலும் மேல்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே எலும்புக்கூடு: இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா அவசர அவசரமாகச் செய்த வண்டி.

அந்த அவசரத்தையும் சொல்ல வேண்டும். 1940ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர உந்துவிசை வண்டி கேட்டது. மாதிரி வண்டி செய்து கொண்டுவரக் கொடுத்த அவகாசம் 49 நாள். பான்டம் என்ற சின்னக் கம்பெனி சொன்ன நாளில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் அதனிடம் பெரிய தொழிற்சாலை இல்லை. பெரிய ஆர்டரை ஒஹாயோவின் வில்லிஸும், கூடவே ஃபோர்டும் கொண்டுபோயின. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருட்டிவிட்டன. உழைத்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் இன்னொருவன் என்கிற கதை கார் உலகத்திலும் உண்டு.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது 1945ல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய 'மஹிந்திரா அண்ட் முகமது' நிறுவனம். பங்குதாரர் மாலிக் குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே 1948ல் கம்பெனிப் பெயரில் இன்னொரு மஹிந்திரா ஏறியது. 1947ல் வில்லிஸ் ஜீப்பில் ஆரம்பித்த அந்த வரிசைதான் நெளிந்து வளைந்து இன்றைய 'தார்' மாடல் வரைக்கும் வந்திருக்கிறது.

யூனியன் ஆபீஸ் வண்டி

நாங்கள் சூரியநெல்லிக்குப் போனதும் ஒரு ஜீப்பில்தான். மதுரை நண்பர் ஒருவரின் 1972 மாடல் சி.ஜே. 3பி, பெட்ரோல். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதைத் துடைத்துத் துடைத்தே தேய்ப்பார்கள். நண்பர் அந்த ரகம் இல்லை. மகளைப் பள்ளியில் விடுவதும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றுவதும் இதில்தான். பின்பக்கம் எப்போதும் வெங்காயச் சருகு கிடக்கும்.

சி.ஜே. 3பி-யின் பானட் மட்டும் விசித்திரமாக உயர்ந்திருக்கும். மற்ற ஜீப்புகளோடு சேர்த்து நிறுத்தினால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பது இதுதான் என்று தெரியும். அழகுக்காகச் செய்ததில்லை அது. போர்க்கால ஜீப்பின் 60 குதிரைத்திறன் இன்ஜினில் இரண்டு வால்வும் பிளாக்கிலேயே, பக்கவாட்டில் இருந்தன. பிறகு வந்த 'ஹரிக்கேன்' இன்ஜினில் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வை மட்டும் தலைக்கு மேலே ஏற்றினார்கள். சக்தி 70ஐத் தாண்டியது. இன்ஜின் உயரமானது. பழைய பானட்டை மூட முடியவில்லை. ஆகவே பானட்டை உயர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1953லிருந்து 1968 வரை மட்டுமே வந்த இந்த மாடலை மஹிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷம் விடாமல் செய்துகொண்டிருந்தது. ஆகவே நம் ஊர்க்காரர்கள் 'ஜீப்' என்று நினைத்தவுடன் கண்ணுக்கு முன்னால் வருவது இந்த உயர்ந்த பானட்தான்.

ஓட்டுவது வேறு பாடம். முன்னே போக மூன்றே கியர். முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது அதில் போட்டால் பல்லோடு பல் உரசி ஊரைக் கூட்டும். ஸ்டீயரிங்கில் நாலு விரல் ப்ளே. நேராகப் போவதற்கே கை சும்மா இருக்க முடியாது, இங்கிட்டும் அங்கிட்டும் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், காயும்வரை மிதித்துக்கொண்டே போக வேண்டும். பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில். அந்த வாசனை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. மணிக்கு 60 தாண்டினால் பேச்சு நின்றுவிடும், சைகைதான்.

அதில் ஒரு சுகம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய்க் காற்று கதவில்லாத வண்டிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும்போது, நான்குவழிச் சாலையில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து போவது பயணம்தானா என்று சந்தேகம் வரும். இடுப்பு வலி அந்தச் சந்தேகத்தைத் தேனியிலேயே தீர்த்துவைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் வந்து பானட்டைக் கையால் தட்டினார்.

"யூனியன் ஆபீஸ் வண்டிதானப்பா இது?"

"இல்லீங்கய்யா, சொந்த வண்டி."

"சொந்தமா?" அவர் நம்பவில்லை. சுற்றி வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் சந்தேகம் நியாயமானது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல தலைமுறைக்கு ஜீப் என்றாலே அரசாங்கம்தான். பி.டி.ஓ., தாசில்தார், மலேரியா ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாடு, போலீஸ். தூரத்தில் புழுதி கிளம்பினால் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடும், சாராயம் காய்ச்சுகிறவர்கள் எதிர்த்திசையில் ஓடுவார்கள். ஊருக்குள் ஜீப் வந்தால் ஒன்று ஜப்தி, இல்லையென்றால் ஓட்டு. தேர்தல் நேரத்தில் கொடியும் ஒலிபெருக்கியும் கட்டிக்கொண்டு வந்ததும் இதே வண்டிதான். விவசாயி சொந்தமாக ஒரு ஜீப் வாங்குவது என்பதற்கு வழி, பெரும்பாலும், அரசு அலுவலகம் கழித்துக்கட்டிய வண்டியை ஏலத்தில் எடுப்பது. இன்றைக்கு மதுரை, தேனிப் பக்கம் தனியார் கையில் இருக்கும் பழைய ஜீப் பலவற்றைச் சுரண்டிப் பார்த்தால், பச்சைக்கும் கறுப்புக்கும் அடியில் ஏதாவதொரு துறையின் பெயர் மங்கலாகத் தெரியும்.

பதினேழு வளைவு

போடியைத் தாண்டி முந்தலில் மலை தொடங்குகிறது. கொச்சியிலிருந்து தொண்டி வரை போகிற தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் இது. போடிமெட்டு உச்சி வரை 17 கொண்டை ஊசி வளைவு. நல்ல சாலை, அகலமும் உண்டு. ஆனாலும் பாதி ஏற்றத்தில் நண்பரின் ஜீப் இருமியது. இரண்டு தரம் உதறி, நின்றது.

நண்பர் பதறவில்லை. "மாப்ள, அந்தத் துணிய நனைச்சுக் கொண்டா" என்றார்.

பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. இரண்டாம் கியரிலேயே நீண்ட ஏற்றம் ஏறும்போது சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. வைத்தியம் ஈரத்துணி. பம்ப்பைச் சுற்றிக் கட்டி, பானட்டைத் திறந்துவிட்டு, குரங்குகளிடமிருந்து முறுக்குப் பொட்டலத்தைக் காப்பாற்றிக்கொண்டு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தால் வண்டி தானாகக் கிளம்பும். அம்பாசடர் காலத்தில் கொடைக்கானல், ஊட்டி ஏறியவர்களுக்கு இது தெரிந்த கதை. வீட்டிலிருந்து தண்ணீர்க் கேனும் பழைய வேட்டித் துணியும் எடுத்துவைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் அவை இறங்கி வந்தன. சாயங்காலம், வேலை விட்ட நேரம். ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள். உள்ளே பெண்கள், நெருக்கியடித்து, மடியில் தூக்குவாளியோடு. பின்கம்பியில் தொற்றிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்கள். மேலே கட்டிய பிளாஸ்டிக் கொங்காணிகளும் அரிவாளும்.

பழைய ஜீப்பைப் பற்றி எழுதுகிற எவரும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பை எழுதாமல் விடுவது அநியாயம். சுற்றுலாக்காரர்கள் அதைப் புகைப்படம் எடுப்பதில்லை என்பதால் அது கண்ணில் படுவதில்லை. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் தோட்டங்களுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வருகிற ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு அதுதான் பஸ். களையெடுப்பு, கவாத்து, மருந்தடிப்பு, காய் எடுப்பு என்று வேலை வருஷம் முழுக்க ஏதாவது உண்டு. அவர்கள் எடுத்துக் கொடுக்கிற ஏலக்காய் திரும்ப மலையிறங்கிப் போடி ஏல மையத்துக்கும், மலைமேலேயே புற்றடி ஏல மையத்துக்கும் போகிறது.

பஸ் ஏன் இல்லை என்று கேட்கலாம். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். தோட்டம் அங்கிருந்து உள்ளே, சகதியும் உருளைக்கல்லுமான பாதையில். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். நிழலும் ஈரமும் இருக்கிற இடத்தில் பாதை காய்வதே இல்லை. ஜூன், ஜூலை மழையில் அதில் ஆளையும் ஏற்றிக்கொண்டு போக இந்த வண்டியால்தான் முடியும்.

வண்டியின் வயதும் சரி, பெருமையும் சரி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அம்மாவிடம் பூப்பாறையில் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஜீப் நல்லதும்மா, பழசா புதுசா என்றேன். "என்ன வண்டின்னா கேக்குறீக? உக்கார எடம் கெடைச்சாப் போதும்யா. மூணு பேரு சீட்டுல ஆறு பேரு. ஒரு கால் என்னுது, ஒரு கால் அவளுது" என்றார், பக்கத்தில் இருந்தவரைக் காட்டி. அளவுக்கு மீறி ஏற்றுவதால் இந்தப் பாதைகளில் விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சில நாள் சோதனை கடுமையாகும், ஜீப்புக்கு இத்தனை பேர்தான் என்று கறாராக எண்ணுவார்கள். பிறகு கூலி நாள் தவறக்கூடாது என்கிற கணக்கும், ஒரு நடைக்கு இத்தனை பேர் ஏற்றினால்தான் டீசல் கட்டுப்படியாகும் என்கிற கணக்கும் சேர்ந்துகொள்ளும். வண்டி உறுதியானது என்பது இங்கே ஆபத்தான ஒரு புகழ். பிரேக்கும் டயரும் தாங்காத பாரத்தைச் சேஸ் தாங்கும். அதனால்தான் துணிந்து ஏற்றுகிறார்கள்.

ஃபோர் வீல் லோ

கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் நாலு மணிக்கே ஸ்டாண்டில் நிற்க வேண்டும். நண்பரின் ஜீப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, ஸ்டாண்டு வண்டியில்தான் ஏறினோம். அதுதான் அங்கே முறை. சாலை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட அதே டிரைவர்தான் வந்தார். ஆள் ஒல்லி. குல்லாயும் மஃப்ளருமாக, ஒரு சாவியைத் தவிர கையில் எதுவும் இல்லை. டார்ச்கூட இல்லை.

தோட்டத்து லயன் வீடுகளைத் தாண்டியதும் தார் முடிந்தது. அவர் வண்டியை முழுசாக நிறுத்தினார். கியர் லிவருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லிவர். அதை இழுத்தார். 'டக்' என்று அடியில் ஒரு சத்தம்.

இந்த லிவரில்தான் சூட்சுமம். சாதாரணமாக இன்ஜினின் இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. லிவரைப் போட்டால் முன்சக்கரங்களுக்கும் பிரியும். இன்னொரு நிலைக்கு இழுத்தால், கியர் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் இரண்டாவது பெட்டியில் சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைத் திருப்ப ஆரம்பிக்கும். வேகம் பாதிக்கும் கீழே குறையும், இழுவை இரண்டு மடங்குக்கு மேலே ஏறும். 'லோ' என்பது இதுதான். ஆள் நடக்கிற வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே, வண்டி தானாகக் கல்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்.

தார் ரோட்டிலேயே இதைப் போட்டுக்கொண்டால் என்ன? கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போகிறது. இந்தப் பழைய அமைப்பில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் எந்த ஏற்பாடும் இல்லை. கல்லும் சகதியும் என்றால் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க வழியில்லாமல் முறுக்கு முழுவதும் தண்டுக்குள் ஏறி, ஜாயின்டில் ஏதாவது ஒன்று தெறிக்கும். மோசமான தரைதான் இந்த வண்டியின் இயந்திரத்துக்கே ஒத்துவருகிறது. டிரைவரின் வேண்டுதலுக்கு இன்ஜினியரிங்கிலும் ஒரு ஆதாரம் இருக்கிறதென்று எனக்கு அப்போது தோன்றியது.

பாதை என்று அதைச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். தோட்டக்காரர்கள் பதித்த கற்கள் மழையில் பெயர்ந்து, பெயர்ந்த குழியில் அடுத்த மழை தேங்கி, அதன்மேல் தினமும் ஜீப்புகள் ஏறி இறங்கி உண்டானது. அவர் எந்தக் குழியையும் தவிர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரத்தை எந்தக் கோணத்தில் இறக்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே விடவில்லை. வெளியிலேயே வைத்திருந்தார். ஏனென்று கேட்டேன். "பவர் ஸ்டீயரிங் இல்ல சார். டயர் கல்லுல மோதுனா ஸ்டீயரிங் சுண்டும். வெரலு உள்ள இருந்தா ஒடிச்சுப்புடும்." இடது கட்டைவிரலைக் காட்டினார். கொஞ்சம் கோணலாக இருந்தது.

இறங்கும்போதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுசாகத் தெரிந்தது. லோவில் முதல் கியர். பிரேக் பெடலில் கால் இல்லை. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு உறுமியபடி இறங்கியது. "பிரேக்கை நம்புனா பாதியிலயே சூடேறி விட்டுரும். கியர் விடாது" என்றார். எங்களுக்கு முன்னால் போன ஒரு புது வண்டி அடிக்கொரு தரம் சிவப்பு விளக்கு எரியவிட்டுக்கொண்டே போனதைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கியது அவருக்கே தெரிந்திருக்காது.

மேலே விடிந்ததும் என்ன தெரியும் என்பதை இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்த்தாயிற்று. மேகத்துக்கு அடியில் குரங்கணி, அதற்கப்பால் போடி, தேனிச் சமவெளி. 2018 மார்ச்சில் 23 பேரைக் கொண்டுபோன காட்டுத்தீ இந்தச் சரிவில்தான் ஏறியது என்பதையும் அங்கே நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். 1930களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்னும் பழைய முறையில் இலையை உருட்டுகிறது. ஜீப் வருவதற்கு முன்னால் இந்த மலைகளிலிருந்து தேயிலை இறங்கிய கதை இன்னும் சுவையானது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில், அங்கிருந்து கோட்டகுடிக்குக் கம்பியில் தொங்கி இறங்கும் ரோப்வே. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடியோடு வழித்துக்கொண்டு போனது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சாந்தக்ஃபூவில் நடந்தது

சூரியநெல்லிக்காரர்களின் பயம் கற்பனை என்று நினைப்பவர்கள் டார்ஜிலிங் பக்கம் போய்ப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம் சாந்தக்ஃபூ, 3,636 மீட்டர். எவரெஸ்டும் கஞ்சன்ஜங்காவும் ஒரே வரிசையில் தெரியும். அடிவாரத்து மானேபஞ்சாங்கிலிருந்து அங்கே ஏற, வெகுகாலமாக ஒரே வண்டிதான்: 1950களின் லேண்ட் ரோவர். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, உள்ளூர் ஷெர்பா, நேபாளிக் குடும்பங்களின் கைக்கு வந்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று இறங்கியவை. உலகத்தில் மற்ற இடங்களில் இந்த வயது லேண்ட் ரோவர் மியூசியத்தில் இருக்கிறது, அல்லது கோடீஸ்வரர் வீட்டில் இருக்கிறது. இங்கே அரிசி மூட்டையும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு மலை ஏறியது.

லேண்ட் ரோவருக்கும் ஜீப்புக்கும் உறவு உண்டு. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் ஆங்கில்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ஓட்டியது போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப். இதைப் போல நாமே ஒன்று செய்தால் என்ன என்று கிளம்பியதில் பிறந்ததுதான் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த லேண்ட் ரோவர். முதல் மாதிரியின் அடிச்சட்டம்கூட ஜீப்புடையதுதான். போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது துருப்பிடிக்காது. இமயமலை ஈரத்தில் எழுபது வருஷம் தாங்கியதற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

அந்தச் சாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட் வந்தது. கான்கிரீட் வந்ததும் பொலேரோ வந்தது. பொலேரோவில் கதவு மூடும், ஹீட்டர் உண்டு, பாதி நேரத்தில் போய்விடலாம். கர்ப்பிணியை மலையிலிருந்து இறக்குகிறவருக்கு எது வேண்டும் என்று நாம் கேட்கவே தேவையில்லை. லேண்ட் ரோவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பலர் ஆசைக்காக இன்னும் அதில்தான் ஏறுகிறார்கள். ஆனால் தேவை என்கிற இடத்திலிருந்து ஆசை என்கிற இடத்துக்கு ஒரு வண்டி நகர்ந்துவிட்டால் அதன் வருமானம் சீசனோடு நின்றுபோகும்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து லயனில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அந்தக் கல் பாதையில் ஒரு மணி நேரம் குலுங்கித்தான் வர வேண்டும். அந்த வலிக்கு முன்னால் பழைய வண்டிமேல் எனக்கிருக்கும் பிரியம் செல்லாக்காசு. ஆனால் இந்த வண்டிகள் இத்தனை காலம் ஓடியதற்கு அவற்றின் உறுதி மட்டுமே காரணம் என்று பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். போட்டிக்கு வேறெதுவும் ஏற முடியாத பாதை இருந்தது. அதுதான் மீதிக் கதை.

எந்த உறுப்பு யாருடையது

மானேபஞ்சாங் லேண்ட் ரோவர்கள் பலவற்றில் இப்போது இருப்பது மஹிந்திராவின் டீசல் இன்ஜின். பழைய பெட்ரோல் இன்ஜினுக்குச் சாமான் கிடைக்கவில்லை, பெட்ரோல் கட்டுப்படியாகவுமில்லை. நம் பக்கமும் அதுவேதான் நடந்தது. 1980களில் மஹிந்திரா தன் ஜீப்புகளில் பூஷோ கம்பெனி வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் இன்ஜினை வைத்து விற்க ஆரம்பித்ததும், பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களும் கழித்த வண்டிகளிலிருந்து டீசல் இன்ஜினை எடுத்து மாற்றிக்கொண்டார்கள்.

தேனியில் ஒரு பட்டறைக்கு நண்பர் அழைத்துப்போனார். கம்ப்யூட்டர் இல்லை, ஸ்கேனர் இல்லை. ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், தொங்கவிட்ட செயின் பிளாக், தரையெல்லாம் கருப்பு. மெக்கானிக் ஒரு கமாண்டரின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். இரண்டு பட்டை புதுசு, மூன்று வேறு ஏதோ வண்டியுடையது, ஒன்று லாரிப் பட்டையை வெட்டிச் செய்தது. "இது எந்த வருஷ வண்டிண்ணே?" என்றேன். "எந்த எடத்த கேக்குறீங்க?" என்றார். சேஸ் 89. இன்ஜின் அதற்குப் பத்து வருஷம் பின்னால். பாடி போன வருஷம், பக்கத்துத் தெருவில் டிங்கர் அடித்தது.

இதைத்தான் இந்த வண்டியின் ஆயுள் ரகசியம் என்று சொல்வேன். எல்லாமே போல்ட்டில் நிற்கிறது. கழற்றலாம், வேறு வைக்கலாம், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பழைய பாகங்களைச் சேர்த்து முழு ஜீப்பையே செய்து கொடுப்பதற்கென்று கடை வரிசை இருக்கிறது. அங்கே செய்த வண்டிகள் பெரிய டயரும் பளபளக்கும் பம்பருமாகத் தமிழ்நாடு வரை வருகின்றன. எனக்கு அவற்றைப் பிடிப்பதில்லை. கல்யாண வீட்டுக்கு மட்டும் போகிற ஜீப் என்ன ஜீப்?

சட்டத்துக்கு இந்த ஒட்டுப்போடுகிற கலை ஆகாது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பை நினைத்தால் அதைக் குறைசொல்லவும் முடியாது. பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். நிபந்தனைகள்: சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்றால் எடுக்கலாம். தினசரி சாலையில் ஓட்டக் கூடாது.

தேனிப் பட்டறையில் நின்ற எந்த வண்டிக்கும் இந்தப் பட்டம் கிடைக்காது. உழைத்ததாலேயே அவை உரு மாறியிருக்கின்றன. நண்பரின் 1972 ஜீப்புக்குக் கிடைக்கும். இன்ஜின்கூடப் பிறந்த இன்ஜின்தான். விண்ணப்பிக்கச் சொல்லிப் பழைய வண்டிப் பிரியர்கள் அவரை நச்சரிக்கிறார்கள். விற்கும்போது விலை ஏறுமாம். "மாட்டுத்தாவணிக்கு நடந்தா போறது?" என்று கேட்டுவிட்டு, சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் போனார். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

ஆய்வு நாளில் நானும் கூடப் போயிருந்தேன். ஆய்வாளர் இளைஞர். வண்டியை விட வயதில் ரொம்பச் சின்னவர். சேஸ் நம்பரின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். ஹெட்லைட் எரிந்தது. வைப்பர் ஒன்று ஆடியது, இன்னொன்று யோசித்துவிட்டு ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தார், சரி என்றார். ஹாரன் அடிக்கச் சொன்னபோதுதான் ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பழைய ஹாரனுக்கு ஏற்ற சாமான் தேடி நண்பர் இப்போது கடை கடையாக ஏறி இறங்குகிறார். ஜீப்பில்தான்.